சோறு இறங்குவதில்லை, உண்டது அப்படியே திரும்பி வருகிறது: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

"சோறு இறங்குதில்ல" என்று வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால், நாங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "என்ன யோசனை உங்களுக்கு?" என்பதுதான். இழப்பும் அலைச்சலும் கண்ட குடும்பங்களில் சாப்பாடு செல்லாமல் போவது புதிதல்ல. அடுத்ததாகக் கைக்கு வருவது காஸ்ரைட்டிஸ் குளிசை. கடையில் ஒரு அட்டை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் எரிச்சல் குறையும், பிறகு மீண்டும் அடைக்கும். சோறு கஞ்சியாகும், கஞ்சி தேத்தண்ணீராகும். இப்படியே மூன்று நான்கு மாதங்கள் போய்விடும். இந்தக் கட்டுரை அந்த மூன்று நான்கு மாதங்களைப் பற்றியது. சில நோய்களில் அந்தக் காலம்தான் குணப்படுத்த முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலான வித்தியாசம்.

வந்தாறுமூலை, கொம்மாதுறை, மாவடிவேம்பு, சித்தாண்டி பக்கங்களில் இந்தத் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 இல் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்கள், 2007 இல் மாவட்டத்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் எனப் பலரும் ஒரு வைத்தியசாலையில் தொடங்கிய சிகிச்சையை இன்னொரு வைத்தியசாலையில் தொடர முடியாமல் விட்டிருக்கிறார்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருக்கும். எடுத்த படம் எங்கேயோ போயிருக்கும். புதிய வைத்தியர் முன்னால் உட்காரும்போது உங்களிடம் இருப்பது உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான். நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஒரு முறைப்பாட்டில் வாய்ச்சொல்லுக்கு மிகுந்த பெறுமதி உண்டு. எது சிக்குகிறது, எங்கே சிக்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது, வந்தது எப்படி இருக்கிறது என்பவற்றைச் சரியாகச் சொன்னால், எந்தக் கருவியும் தொடுவதற்கு முன்னரே வைத்தியர் காரணத்துக்குக் கிட்ட வந்துவிடுவார்.

சத்தியா, திரும்பி வருவதா?

எங்கள் பேச்சில் வாயால் வெளியே வருவதெல்லாம் சத்திதான். வைத்தியருக்கு அது இரண்டு வேறு விடயங்கள். உண்மையான சத்தி வருமுன் குமட்டும், வாயில் நீர் ஊறும், வயிறு எக்கித் தள்ளும். வந்தது புளிக்கும் அல்லது மஞ்சளாய்க் கசக்கும். மற்றது அப்படியல்ல. குமட்டல் இல்லை, எக்கல் இல்லை. குனிந்தாலோ படுத்தாலோ, சில வேளை சும்மா இருக்கும்போதே, சாப்பிட்ட சோறு சோறாகவே வாய்க்கு வந்துவிடும். புளிப்பும் இருக்காது, கசப்பும் இருக்காது. அந்த உணவு இரைப்பைக்குப் போகவே இல்லை என்பது இதன் பொருள். தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவே, உணவுக் குழாயில் நின்றுவிட்டுத் திரும்புகிறது. பாடசாலைப் புத்தகத்தில் களம் என்று சொல்லும் அந்தக் குழாய் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானது. கீழ்நுனியில் ஒரு வளையத் தசை வாசல் போல நிற்கும். விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும்.

எனவே வைத்தியரிடம் "சத்தி எடுக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குமட்டிய பிறகு வந்ததா, குமட்டாமலே வந்ததா என்று சொல்லுங்கள்.

வாயிலும் தொண்டையிலும் தடை

விழுங்கத் தொடங்கும் அந்த நொடியிலேயே புரைக்கேறுவது, இருமுவது, தண்ணீர் மூக்கால் வருவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது ஆகியவை தொண்டையிலோ அதை இயக்கும் நரம்பிலோ உள்ள கோளாறைக் காட்டும். வயதானவர்களில் பாரிசவாதம் இதற்கு முதன்மையான காரணம். கை கால் விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. விழுங்கும் தசை விழுந்தது தெரிவதில்லை. அப்படிப்பட்டவருக்குப் படுக்கையில் சரித்து வைத்துத் தண்ணீர் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவில் முடியும். நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தண்ணீரை விடக் கூழ் பாதுகாப்பானது.

இந்த இடத்தில் வெற்றிலை வட்டாவைப் பற்றிப் பேசாமல் கடந்து போக முடியாது. வீட்டுக்கு வந்தவருக்கு வட்டாவை நீட்டுவது மட்டக்களப்பின் மரியாதை. அதைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆனால் இலங்கை ஆண்களில் ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதையும், அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவது பெரிய காரணம் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். புகையிலையைத் தவிர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பாக்கு வேறொரு கேட்டையும் செய்யும். வாயின் உட்தோலை நார் போலத் தடிக்கச் செய்து, கன்னத்தை விறைக்க வைத்து, வாய் திறக்கும் அளவைக் குறைத்துவிடும். காரம் பட்டால் எரியும், நாக்கை வெளியே நீட்ட முடியாது, கவளம் உள்ளே போகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் பல் வைத்தியரிடமோ வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படை, கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவற்றையும் அப்படியே காட்ட வேண்டும். நோகவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் அது நோகாது.

நேரம் பார்க்காமல் உடனே ஓட வேண்டிய நிலைமை ஒன்றும் உண்டு. இரவு நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடிய வயிற்றுவலி, சத்தி என்று எழும்புகிறார். கண் இமை தூங்கி விழுகிறது, உமிழ்நீரை விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது. கடித்த அடையாளமோ வலியோ எதுவும் இல்லாமல் இருக்கலாம். எட்டடி விரியன், கண்டங்கருவழலை என்று சொல்லப்படும் பாம்பின் கடி இப்படித்தான் இருக்கும். தற்காலிகக் கொட்டிலில் நிலத்தில் படுக்கும் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது. விசகடி வைத்தியரைத் தேடி நேரத்தைப் போக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் தசை நிற்பதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். அதேபோல, காயம் பட்டுச் சில நாட்களின் பின் வாய் கட்டிக்கொண்டு தாடை திறக்காமல் போனால் அது ஏற்புவலியாக இருக்கலாம். அதற்கும் இதே அவசரம்.

உணவுக் குழாயில் தடை

விழுங்கத் தொடங்கியபோது சரியாகப் போய், சில விநாடிகளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது போல இருந்தால் தடை குழாயில் இருக்கிறது. விரலால் தொட்டுக் காட்டும் இடம் எப்போதும் சரியாக இராது. கீழே அடைத்தாலும் சிலருக்குத் தொண்டைக் குழியில் அடைப்பது போலத் தெரியும். ஆகவே இடத்தை விட முக்கியமான கேள்வி இதுதான்: முதலில் எது சிக்கியது?

வைத்தியரும் அதைத்தான் கேட்பார். "முதல்ல எது நின்றது ஐயா, சோறா தண்ணியா?" இந்தக் கேள்விக்கு "எல்லாம்தான்" என்று பதில் சொல்வது எளிது. கொஞ்சம் பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில் இறைச்சித் துண்டு ஒன்று நின்று, தண்ணீர் குடித்து இறக்கினீர்கள். பிறகு பாண் நின்றது. பிறகு பிட்டு, பிறகு சோறு. இப்போது கஞ்சிதான். இப்படித் திண்மத்தில் தொடங்கித் திரவத்துக்கு வருகிற கதை குழாய் நாளுக்கு நாள் ஒடுங்குவதைச் சொல்கிறது. ஒடுக்கம் வேகமாக, கிழமைக் கணக்கில் கூடி, உடம்பும் மெலிந்து, வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் புற்றுநோய் இல்லை என்று நிச்சயப்படுத்தும் வரை வைத்தியர் ஓயக்கூடாது, நீங்களும் ஓயக்கூடாது. உணவுக் குழாய்ப் புற்றுநோய் எங்கள் நாட்டில் ஆண் பெண் இருபாலாரிலும் அரிதானதல்ல. வெற்றிலை, புகையிலை, சிகரெட், பீடி, சாராயம் எல்லாம் அதற்கு வழி வகுக்கும். இவை எதையும் தொடாதவருக்கும் அது வரலாம்.

ஒடுக்கம் மெதுவாக, வருடக் கணக்கில் வந்திருந்தால் வேறு காரணங்களும் உண்டு. நீண்ட காலம் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் இருந்தவருக்கு, மேலேறிய அமிலம் குழாயைப் புண்ணாக்கி, ஆறிய தழும்பு ஒடுக்கமாகியிருக்கலாம். இரத்தச் சோகை உள்ள பெண்களில் தொண்டைக்குச் சற்றுக் கீழே மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்வதுண்டு. களைப்பு, வெளிறிய நாக்கு, வாய் ஓரத்தில் வெடிப்பு, பச்சை அரிசி அல்லது மண் தின்ன ஆசை என்பன கூட இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குளிசையும், தேவைப்பட்டால் சவ்வை விரித்துவிடும் சிறிய சிகிச்சையும் அதைச் சரியாக்கும். ஆனால் இந்தச் சவ்வு இருந்தவர்களில் பின்னாளில் அதே இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் உண்டு என்பதால் கிளினிக்கை விட்டுவிடக்கூடாது.

அமிலம், கோஸ்ரிக் சோடா, விவசாய இரசாயனம் போன்றவை உள்ளே போனால் குழாய் வெந்து, சில கிழமைகளின் பின் தழும்பு இறுகும். அந்த நாள் தப்பிவிட்டோம் என்று நினைத்திருக்கும்போது ஒன்று இரண்டு மாதத்தில் சோறு நிற்கத் தொடங்கும். வீட்டில் அலுமாரி இல்லாத காலத்தில் களைநாசினியைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மூலையில் வைப்பது எத்தனை பிள்ளைகளின் வாயை வேக வைத்திருக்கிறது! இப்படி எதையாவது குடித்தவரைச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது அது இரண்டாம் முறை சுடும். தானாகவே குடித்தவர்கள் பயத்திலும் வெட்கத்திலும் உண்மையை மறைக்கிறார்கள். 1998 முதல் இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்று வைத்தியருக்குச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். மனதுக்கான உதவியையும் அங்கேயே கேட்கலாம்.

வயலுக்கு இறங்குபவர்களுக்கு மட்டும் ஒரு விசேட செய்தி. எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை இரவு படுக்கப் போகும்போது ஒரு முடறு தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால், அது குழாயில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கும். அடுத்த நாள் உமிழ்நீர் விழுங்கினாலும் நெஞ்சில் கத்தி இறங்குவது போல வலிக்கும். முதல் நாள்வரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென விழுங்க வலித்தால் நேற்று என்ன குளிசை போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இதற்காக எலிக்காய்ச்சல் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, நிமிர்ந்திருந்து, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள்.

திண்மமும் திரவமும் சேர்ந்தே நின்றால்

இன்னொரு கதை முற்றிலும் வேறானது. தொடக்கத்திலிருந்தே சோறும் நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறது. ஒரு நாள் நன்றாகப் போகும், மறுநாள் போகாது. கவலையான நாளில் கூடும். சாப்பிடும்போது எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, தண்ணீரைக் கடகடவென்று குடித்தால் திடீரெனக் கீழே விழுவது தெரியும். விடிய எழும்பும்போது தலையணையில் இரவுச் சோற்றுப் பருக்கை கிடக்கும். இரவில் இருமல் வரும். வருடக் கணக்கில் இப்படி இருந்து, மெல்ல மெல்ல மெலிவார். இவர்களில் பலர் இளைஞர், நடுத்தர வயதினர். வீட்டார் சொல்வது "மனப்பிரமை." கிளினிக்கில் எழுதியது "காஸ்ரைட்டிஸ்." இருமலுக்காகச் சளிச் சோதனையும் ஆஸ்மா மருந்தும் கூட நடந்திருக்கும்.

இது அகலேசியா என்ற நோயாக இருக்கலாம். உணவுக் குழாயைத் தள்ளிக் கொடுக்கும் நரம்புகள் பழுதாகி, கீழ்வாசல் தசை விழுங்கும்போது திறக்க மறுக்கிறது. உணவு வாசலில் கிடந்து, குழாய் பை போல விரிந்து, நிறைந்ததும் திரும்பி வழிகிறது. அரிதான நோய்தான். வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் பழைய நோய். 1674 இல் இங்கிலாந்து வைத்தியர் தோமஸ் வில்லிஸ் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். உண்டதெல்லாம் திரும்பிய அந்த மனிதருக்கு அவர் செய்து கொடுத்தது, நுனியில் பஞ்சு கட்டிய திமிங்கில எலும்புக் கோல். ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்குப் பிறகும் கோலைத் தொண்டைக்குள் விட்டு உணவை இரைப்பைக்குள் தள்ளி, அவர் பல வருடம் உயிர் வாழ்ந்தார். இன்று கோல் தேவையில்லை. வாசலைப் பலூனால் விரிக்கலாம், அல்லது அந்தத் தசையை வெட்டிவிடலாம். பின்னைய சத்திரசிகிச்சையை ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் ஹெலர் 1913 இலேயே செய்தார்.

மனப்பிரமை என்று சொல்வதற்கு ஓர் இடம் உண்டுதான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாங்கள் சொல்வது வெறும் வார்த்தை அல்ல. பிள்ளையைக் காணாமல் இருக்கும் தாய்க்கு உண்மையாகவே தொண்டையில் ஒரு உருண்டை நிற்பது போல இருக்கும். ஆனால் அதை வேறுபடுத்தி அறியலாம். அந்த உருண்டை சாப்பிடாத நேரத்தில்தான் உறுத்தும். சாப்பிடும்போது சோறு தடையில்லாமல் இறங்கும், எதுவும் திரும்பி வராது, உடம்பும் அவ்வளவாக மெலியாது. சோறு நிற்கிறது, திரும்பி வருகிறது, சட்டை தொளதொளக்கிறது என்றால் அதைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

பெரும்பாலும் வயதானவர்களில் காணப்படும் ஒன்று: தொண்டையின் பின்புறச் சுவர் பிதுங்கிச் சிறு பையாகி, உணவு அதில் தங்கும். பல மணி நேரத்துக்குப் பிறகு, நேற்றைய சோறு கூட, நாற்றத்தோடு வாய்க்கு வரும். கழுத்தில் களகளவென்று சத்தம் கேட்கும்.

இரைப்பையின் வாசலில் தடை

விழுங்குவதில் எந்தக் கஷ்டமும் இல்லை, ஆனால் பின்னேரம் ஆகும்போது வயிறு ஊதி, ஒரேயடியாகப் பெரிய சத்தி வருகிறது. காலையில் சாப்பிட்டதும், சில வேளை முதல்நாள் தின்ற கீரையும் அதில் அடையாளம் தெரிகிறது. புளிக்கிறது, ஆனால் மஞ்சள் பித்தம் இல்லை. சத்தி எடுத்ததும் நிம்மதி. இது இரைப்பை குடலுக்குள் திறக்கும் வாசல் அடைபட்டதைச் சொல்கிறது. பல வருட அல்சர் தழும்பாகி ஒடுங்கியிருக்கலாம், அல்லது இரைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம். அல்சருக்கு ஒரு கிருமி காரணமென்று கண்டறிந்த வொரனுக்கும் மார்ஷலுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை இப்போது இரண்டு கிழமை மருந்தால் அழிக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலிக்குளிசையும் அல்சருக்கு வழி செய்யும் என்பதால், போட்ட குளிசைகளின் வெற்று அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். நீண்ட கால நீரிழிவிலும், வாசல் திறந்திருந்தும் இரைப்பை அசையாமல் இப்படி ஆகலாம்.

கைக்குழந்தை பால் குடித்தபின் கடைவாயால் கொஞ்சம் கக்குவது நோயல்ல. பிறந்து மூன்று முதல் ஆறு கிழமைக்குள், குடித்த பால் முழுவதும் பீறிட்டுத் தூரத்தில் போய் விழுகிறது, உடனேயே பிள்ளை மீண்டும் பசித்து அழுகிறது, எடை ஏறவில்லை என்றால் இரைப்பை வாசல் தசை தடித்திருக்கக்கூடும். சிறிய சத்திரசிகிச்சையில் அது முற்றாகச் சுகமாகும். எந்த வயதுக் குழந்தையானாலும் சத்தி பச்சை நிறமாக இருந்தால் அன்றே, அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விளையாடிய பிள்ளை திடீரென விழுங்க மறுத்து எச்சில் வடித்தால் நாணயமோ பொத்தான் பற்றரியோ விழுங்கியிருக்கலாம். பற்றரி இரண்டு மணித்தியாலத்திலேயே குழாயை எரிக்கத் தொடங்கும். மீன் முள் நின்றால் சோற்று உருண்டை விழுங்கித் தள்ளுவது எங்கள் ஊர் வழக்கம். பல முறை பலிக்கும், சில முறை முள் இன்னும் ஆழமாக ஏறும். வலியும் எச்சில் வடிதலும் தொடர்ந்தால் உருண்டையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

உங்கள் பகுதி வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்குங்கள். வாயையும் கழுத்தையும் வயிற்றையும் பார்த்து, எடை எடுத்து, இரத்தச் சோகைக்குச் சோதித்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சோதனைகளுக்கோ சத்திரசிகிச்சைக்கோ நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. சில வேளை நாள் குறித்துக் காத்திருக்க வேண்டி வரும்.

முக்கியமான சோதனைகள் இரண்டு. ஒன்று குழாய்க் கமரா, அதாவது எண்டோஸ்கோப்பி. ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பட்டினி இருந்து போக வேண்டும். தொண்டைக்கு விறைப்பு மருந்து தெளித்து, சுண்டுவிரல் தடிப்பான வளையும் குழாயை விட்டு உள்ளே பார்ப்பார்கள். பத்து நிமிட அளவில் முடியும். மூச்சு அடைக்காது, குமட்டும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவை விடச் சிறிய துண்டு ஒன்றை எடுப்பார்கள். "துண்டு வெட்டினால் புற்றுநோய் பரவும்" என்று பயந்து கையெழுத்துப் போட மறுத்தவர்கள் உண்டு. அந்தத் துண்டு எடுத்ததால் நோய் பரவாது. எடுக்காமல் விட்டால் அது புண்ணா புற்றா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மற்றது பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்-றே. சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் திரவத்தை விழுங்க விழுங்கப் படம் எடுப்பார்கள். புற்றுநோய் ஒடுக்கம் எலி கடித்தது போல ஒழுங்கற்ற விளிம்போடு தெரியலாம். அகலேசியாவில் மேலே விரிந்த குழாய் கீழே பறவை அலகு போலக் கூராக முடியும். தொண்டைப் பை பையாகவே தெரியும். அடுத்த நாட்களில் மலம் வெள்ளையாகப் போகும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இங்கே நீங்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஆரம்ப அகலேசியாவில் கமரா பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லப்படலாம். சுவரில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதே அதன் அர்த்தம், வாசல் திறக்கிறது என்பதல்ல. சோறு தொடர்ந்து திரும்பி வந்தால் மறுபடியும் போய் அதை அப்படியே சொல்லுங்கள். பேரியம் படமும், தேவையானால் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் உண்மையைக் காட்டும். அந்த அழுத்தச் சோதனைக்கு வெளி மாவட்டத்துக்கு அனுப்பக்கூடும். புற்றுநோய் என்று தெரிந்தால் ஸ்கான் எடுத்து எவ்வளவு பரவியுள்ளது என்று பார்த்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். மகரகமவுக்கு அனுப்பும் கடிதத்தைக் கண்டு முடிவு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது சிகிச்சை தொடங்கும் இடம்.

போவதற்கு முன்

விழுங்கும் கஷ்டம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் போகவேண்டும். எச்சில் கூட இறங்காமல் போனால், சத்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்ற கறுப்போ வந்தால், கறுத்த மலம் போனால், ஒரு நாள் முழுதும் சிறுநீர் குறைந்து மயக்கம் வந்தால் அன்றே போகவேண்டும்.

ஒரு பாடசாலைக் கொப்பித் தாளில் இவற்றை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்: முதன்முதலில் எந்த மாதம் சிக்கியது, எந்தச் சாப்பாடு, இப்போது எது போகிறது, எது போகவில்லை, திரும்பி வருவது உடனேயா, எத்தனை மணித்தியாலத்தின் பின்னா, புளிப்பா, கசப்பா, சாப்பிட்ட ருசியா, இரவில் இருமுகிறதா, வெற்றிலை, புகை, சாராயம் எத்தனை வருடம், முன்பு எந்த வைத்தியசாலையில், எந்த வருடம், என்ன சோதனை செய்தார்கள். எடையும் வேண்டும். தராசு கிடைக்காவிட்டால் கூட்டுறவுக் கடையிலோ நெல் ஆலையிலோ கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். முகாமில் இருந்தபோது பழைய இடத்தில் சிகிச்சை பெற்றிருந்தால், அந்த வைத்தியசாலையின் பதிவுப் பிரிவில் பெயரையும் அனுமதித்த திகதியையும் சொல்லிப் பழைய குறிப்பைத் தேடித் தரக் கேட்கலாம். புதிய கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். மாரியில் கூரை ஒழுகும்.

நாள் வரும் வரை பட்டினி கிடக்காதீர்கள். குழைய வடித்த சோற்றோடு பருப்பு, நன்றாகக் கடைந்த தயிர், முட்டை அடித்த கஞ்சி, பாலில் கரைத்த குரக்கன், மசித்த வாழைப்பழம் என்று இறங்குவதைச் சிறிது சிறிதாக ஆறேழு முறை கொடுங்கள். பாண், இறைச்சித் துண்டு, முள்ளுள்ள மீன் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஒவ்வொரு கல் வைத்து உயர்த்துங்கள். நிலத்தில் படுப்பவர் தலையை மட்டும் தலையணையால் உயர்த்தினால் போதாது, இடுப்பிலிருந்து மேல்முதுகு வரை சரிவாக இருக்க வேண்டும். உணவு திரும்பி வருபவருக்குக் கமரா பார்க்க நாள் குறித்திருந்தால், ஒரு நாள் பட்டினிக்குப் பிறகும் குழாயில் பழைய சோறு கிடக்கலாம் என்பதை நாள் குறிக்கும்போதே தாதிக்குச் சொல்லிவிடுங்கள். முதல் நாளோ இரண்டு நாளோ திரவம் மட்டும் எடுத்துக்கொண்டு வரும்படி அவர் சொல்வார்.